கக்கின பிள்ளை

கரூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். என் நாவல்களை எல்லாம் படித்தவராம். இரண்டு மூன்றை இரண்டு தடவை படித்தவராம். இப்படி ஆரம்பிக்கிற கடிதத்தை எந்த எழுத்தாளனும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டுதான் படிப்பான். நானும் சாய்ந்துகொண்டேன். இரண்டாவது பாராவில் நிமிர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

"உங்கள் கதைகளில் இதுவரை பதினொரு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவை பொக்கை வாயைத் திறந்து சிரிக்கின்றன. அம்மாவின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்கின்றன. கதாநாயகனும் கதாநாயகியும் சண்டை போட்டுக்கொண்டால் சரியான சமயத்தில் அழுது இருவரையும் சேர்த்து வைக்கின்றன. ஆனால் பதினொன்றில் ஒன்றுகூடப் பால் கக்கவில்லை. என் பெண்ணுக்கு மூன்று மாதம். இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை புடவை மாற்றிவிட்டேன். உங்கள் குழந்தைகள் எந்தக் கடையில் கிடைக்கின்றன என்று தெரிவித்தால் நலம்."

கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, இடமில்லாமல் நெருக்கி ஒரு வரி: "இத்தனை கக்குவது சரிதானா, ஐயா? கக்கின பிள்ளை தக்கும் என்கிறார் என் மாமியார்."

கேலியெல்லாம் இந்த ஒரு வரிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றிற்று. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிற பெண், வீட்டிலே யாரையும் கேட்க முடியாத கேள்வியை, முகம் தெரியாத ஒரு கதை எழுதுகிறவனிடம் கேட்டிருக்கிறாள். நான் டாக்டரல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் படித்திருக்கிறேன். படிக்க வேண்டி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சகோதரியின் கேள்வி.

இரைப்பைக்கு இரண்டு வாய் உண்டு. உணவுக்குழாய் வந்து சேருகிற மேல் வாய் ஒன்று. குடலுக்குள் இறங்குகிற கீழ் வாய் ஒன்று. இரண்டிலும் தசை வளையங்கள் இருக்கின்றன. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொண்டால் போதும். இழுத்தால் இறுகும், விட்டால் தளரும். மேல் வாயின் சுருக்கு நாம் விழுங்கும்போது தளர்ந்து, உடனே இறுகிவிடுகிறது. இடையிடையே தானாகவும் சிறிது தளரும். பெரியவர்கள் ஏப்பம் விடுவது அந்த வழியாகத்தான். பச்சைக் குழந்தைக்கும் அதேபோல் தளர்கிறது. ஆனால் அதன் வயிற்றில் இருப்பது சோறல்ல, பால். உணவுக்குழாயோ சாண் நீளம்கூட இல்லை. குழந்தை நாள் முழுவதும் படுத்தே கிடக்கிறது. சுருக்கு தளர்ந்தால் பால் மேலே வராமல் என்ன செய்யும்?

அளவையும் பாருங்கள். முதல் சில மாதங்களில் குழந்தை தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள நான் அந்தக் கணக்குப்படி குடிப்பதானால் நாளைக்கு ஒன்பது லிட்டர். ஒன்பது லிட்டர் பாலைக் குடித்துவிட்டு, மல்லாந்து படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தால் நானும் கக்கத்தான் செய்வேன். எனக்காக யாரும் பழமொழி சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

பாலோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறது குழந்தை. அழுது அழுது பசியோடு குடித்தால் இன்னும் அதிகம். அந்தக் காற்று வெளியே வரும்போது முன்னால் நிற்கிற பாலையும் தள்ளிக்கொண்டு வருகிறது. குடித்து முடித்ததும் தோளில் சாத்தி முதுகைத் தட்டுவதும், இருபது முப்பது நிமிஷம் நிமிர்த்தியே வைத்திருப்பதும் இதற்காகத்தான். நம் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இருபது நிமிஷத்துக்குள்தான் சித்தப்பா ஆபீசிலிருந்து வந்து, "என் ராஜா!" என்று பிள்ளையைத் தூக்கிக் கூரைக்கும் தரைக்குமாக ஆட்டுவார். சட்டை நனைந்ததும் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சற்றுப் பொறுத்து வருகிற பால் தயிர் தயிராக, புளித்த வாடையுடன் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து, தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினவர்கள் உண்டு. வயிற்றுக்குள் புளிப்பு நீர் பட்டால் பால் திரியத்தானே வேண்டும்? திரிந்திருந்தால் வயிறு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

1997இல் சிகாகோ வட்டாரத்து டாக்டர்கள் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் சரிபாதி, நாளைக்கு ஒரு தடவையாவது கக்குகின்றன. நான்காம் மாதத்தில் அது மூன்றில் இரண்டு பங்காக ஏறுகிறது. அப்புறம் இறங்கத் தொடங்கி, வருஷம் திரும்பும் சமயத்தில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் மிச்சம். பிள்ளை உட்காரக் கற்கிறது, நிற்கக் கற்கிறது, சோறு தின்னத் தொடங்குகிறது, சுருக்கும் பக்குவப்பட்டுவிடுகிறது. ஆக, கரூர்ச் சகோதரியின் பெண் பெரும்பான்மைக் கட்சியைச் சேர்ந்தவள்.

என் மகளும் அந்தக் கட்சிதான். 2013இல் பிறந்தாள். குடிப்பாள், கக்குவாள், கக்கிவிட்டுச் சிரிப்பாள். வாரா வாரம் எடையும் ஏறிக்கொண்டே இருந்தது. நான்தான் ஒவ்வொரு தடவையும் பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். ஆறாவது போனிலோ ஏழாவது போனிலோ அவர், "வீட்டில் டீ ஸ்பூன் இருக்கிறதா? ஒரு ஸ்பூன் பாலை ஒரு துண்டில் ஊற்றிப் பாருங்கள்" என்றார். ஊற்றிப் பார்த்தேன். ஐந்து மில்லி பால் துண்டில் ஒரு தோசை அகலத்துக்குப் பரவிற்று. குடித்ததெல்லாம் வந்துவிட்டது என்று நான் போனில் அலறியதெல்லாம் இந்த ஒரு ஸ்பூன்தான். இன்னொரு ஸ்பூன் ஊற்றப் போனபோது என் மனைவி பால் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படுக்க வைக்கிற விஷயம் ஒன்று பாக்கி. கக்குகிற பிள்ளையை மல்லாத்திப் போட்டால் புரையேறிவிடும், குப்புறப் போடு என்பார்கள். பார்வைக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மல்லாந்து படுத்த குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் கீழே இருக்கிறது. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேடு ஏற வேண்டும். குப்புறப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களும் குப்புறப் படுத்த குழந்தைகளுக்கே அதிகம் என்று தெரிந்த பிறகு, உலகம் பூராவும் டாக்டர்கள் மல்லாத்தியே படுக்க வையுங்கள் என்கிறார்கள்.

சகோதரியின் பின்குறிப்புக்குப் பதில் இதோடு முடிந்துவிட்டது. முதல் கேள்விக்குப் பதில்தான் சங்கடமானது. என் கதைகளில் ஏன் ஒரு குழந்தையும் கக்குவதில்லை?

என் மூத்த மகன் 2009 நவம்பரில் மாயவரத்தில் பிறந்தான். மயிலாடுதுறை என்றுதான் எழுத வேண்டும். என் மனைவி பிறந்த ஊர் அது, அவளே மாயவரம் என்றுதான் சொல்வாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிறக்கும்போது மூன்று கிலோவுக்கு நூறு கிராம் கூடுதல். போய்ப் பார்த்துவிட்டு, சர்க்கரை கொடுத்துவிட்டு, நான்கு நாளில் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஒரு வாரப் பத்திரிகையில் அப்போது என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதிலும் ஒரு குழந்தை பிறந்திருந்தது. கரூர்ச் சகோதரியின் எண்ணிக்கையில் அது நான்காவதாக இருக்கலாம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மனைவி போனில் சொன்னாள்: "வாந்தி எடுக்கிறாங்க பிள்ளை."

பக்கத்திலிருந்த மாமியார் போனை வாங்கி, "ஒண்ணுமில்லே மாப்பிள்ளை. பால் கக்கறான். கக்கின பிள்ளை தக்கும்" என்றார்.

எனக்கு அந்தப் பழமொழி பிடித்துவிட்டது. கக்கின, தக்கும், எதுகை எவ்வளவு கச்சிதமாக விழுந்திருக்கிறது! எழுத்தாளனுக்கு இது ஒரு வியாதி. ஒரு வாக்கியம் காதுக்கு இனிமையாக இருந்துவிட்டால் அது உண்மையாகவும் இருக்கும் என்று நம்பிவிடுவான். அன்றே அதைத் தொடர்கதையில் ஒரு பாட்டியின் வாயில் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மனைவி சொன்னாள்: "சும்மா வழியலைங்க. பீச்சி அடிக்குது. மூணடி தள்ளிப் போய் விழுது."

எழுத்தாளன் பெண்டாட்டிக்கும் உயர்வு நவிற்சி வந்துவிட்டதே என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வாந்தி எடுத்த மறு நிமிஷமே பசின்னு அலறறான். கொடுத்தா குடிக்கறான். குடிச்சதும் மறுபடியும் அப்படியே வந்துடுது" என்றாள். "பசிக்கிறதே, நல்லதுதானே!" என்றேன்.

மாயவரத்து டாக்டருடன் நானே சென்னையிலிருந்து போனில் பேசினேன். அவர் கெட்டிக்காரர், பொறுமைசாலி. "என்ன செய்கிறான் பையன்?" என்று கேட்டார்.

"பால் குடித்ததும் கக்குகிறான், டாக்டர்."

"எடை?"

"நன்றாகத்தான் இருக்கிறான்."

எடை எனக்குத் தெரியாது. பிறந்த அன்று பார்த்ததுதான். கக்குகிறான் என்று ஒரு தகப்பன் சொன்னால், நன்றாக இருக்கிறான் என்றும் சொன்னால், டாக்டர் வேறு என்ன நினைப்பார்? "தோளில் போட்டுத் தட்டச் சொல்லுங்கள். முடிந்தபோது ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் மனைவியிடம் அழுத்திச் சொல்லவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை யோசித்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எதுக்களிப்பது ஒன்று. அது தானாகத் தொண்டைக்கு வந்து நிற்பது. கக்குவது ஒன்று. முயற்சி இல்லாமல் வாயோரத்தில் வழிவது. ஓங்கரிப்பது ஒன்று. வாந்தி என்பது வேறு. வயிறும் விலாவும் சேர்ந்து உந்தித் தள்ளுவது. நம் பாட்டிகள் இவற்றை ஒன்றோடொன்று குழப்பியதில்லை. பழமொழிகூட வாந்தியெடுத்த பிள்ளை தக்கும் என்று சொல்லவில்லை. என் மனைவி சரியான சொல்லைச் சொன்னாள். சொற்களை வைத்துப் பிழைக்கிற நான் அதை மாற்றி டாக்டரிடம் சொன்னேன்.

சென்னை வீட்டில் என் அம்மா இருந்தாள். நான் ஒவ்வொரு தடவை போனை வைத்ததும் அவள் ஒரே கேள்வி கேட்பாள்: "துணி எத்தனை நனைக்கறானாம்?"

"அதையெல்லாம் போனிலா கேட்பது?" என்பேன். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். பழமொழியை நான் சொல்லிக் காட்டியபோதும் அப்படித்தான் எழுந்து போனாள். சம்பந்தியம்மாள் சொன்னது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் கதையை இரண்டு அத்தியாயம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். விழுப்புரத்திலிருந்து மாயவரத்துக்கு அகல ரயில் பாதை போடும் வேலை அப்போது முடியவில்லை, பஸ்தான். விடிகாலையில் போய்ச் சேர்ந்தேன். கொடிகளில் குழந்தைத் துணிகள். போன தடவை ஈரம் காயாமல், சாம்பிராணிப் புகையில் காட்டிக்கூட ஒரு துணி தேறவில்லை என்று வீடே அல்லாடிக்கொண்டிருந்தது. இப்போது அலமாரியில் உலர்ந்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. "இப்பல்லாம் துணிப் பஞ்சம் இல்லே மாப்பிள்ளை" என்றார் மாமியார், சந்தோஷமாக. வெளியே மழை விட்டிருக்கவில்லை.

துணி துவைக்கிற ஆயா கிணற்றடியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தாள். "தம்பி, பையன் ஒண்ணுக்கே போகமாட்டேங்கிறான். நேத்து மூணே துணி. நான் சொன்னா யாரு கேக்கறா?"

உள்ளே போனேன். தூளியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார்கள். நான்கு நாள் குழந்தையாக விட்டுப்போனபோது உருண்டையாக இருந்த முகம், நாற்பதாம் நாளில் கிழவன் முகமாகியிருந்தது. நெற்றியில் சுருக்கம். கண் மட்டும் பெரிதாக, எதையோ விசாரிப்பதுபோல் என்னைப் பார்த்தது. மனைவி பால் கொடுத்தாள். ஆவலோடு குடித்தான். குடித்து முடித்தபின் வயிற்றைக் காட்டினாள். தோலுக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் உருள்வதுபோல, இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக ஓர் அலை போயிற்று. இன்னொன்று போயிற்று. பிறகு வாயிலிருந்து பால் கிளம்பிற்று. எதிர்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின்மேல் போய் அடித்தது.

மூன்றடி என்று அவள் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள்.

அதற்குள் ஊரில் என்னென்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. திருஷ்டி சுற்றிப் போட்டிருந்தார்கள். உரை மருந்து உரைத்து ஊற்றியிருந்தார்கள். யாரோ ஒரு பாட்டிலில் ஓம வாசனையுள்ள இனிப்புத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். முன்தினம், தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிறவரிடம் கொண்டுபோயிருந்தார்கள். அவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தொக்கம் இல்லே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி, காசும் வாங்காமல் அனுப்பிவிட்டாராம். பட்டணத்திலிருந்து போனில் யோசனை சொன்ன தகப்பனைவிட அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

டாக்டர் தராசில் போட்டார். இரண்டு கிலோ தொள்ளாயிரம். பிறந்த எடைக்கும் கீழே. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அவர் வயிற்றில் விரலை வைத்து வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "கக்குகிறான் என்றுதானே சொன்னீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சற்று நன்றாக இருந்திருக்கும். அன்றே தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தார். வாடகைக் காரில் கும்பகோணம் வழியாகப் போனோம்.

மேல் வாய் தளர்வதைப் பற்றி முன்னால் சொன்னேன். இது கீழ் வாய். சில குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் அந்தச் சுருக்கின் தசை தடித்துக்கொண்டே போய், வழியை அடைத்துவிடுகிறது. ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகம். தலைச்சன் பிள்ளைக்கு அதிகம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர இடமுண்டு. மேல்நாட்டில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று குழந்தைகள் என்கிறார்கள். ஆசியாவில் அதைவிடக் குறைவு. பால் கீழே இறங்க வழியில்லாமல் இரைப்பை முட்டி மோதுகிறது. அதுதான் தோலுக்கடியில் நான் பார்த்த அலை. கடைசியில் வந்த வழியே பீச்சுகிறது. உள்ளே ஒன்றும் போகாததால் பிள்ளைக்குப் பசி அடங்குவதே இல்லை. அவன் பசிக்கிறான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவன் பட்டினி கிடந்தான்.

ஸ்கான் எடுத்தார்கள். மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய தசை ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. உடனே அறுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அறுவை டாக்டர் தலையை ஆட்டினார். "ஆப்பரேஷனுக்கு அவசரமில்லை. உடம்பில் நீரும் உப்பும் போய்விட்டன. அதைச் சரிக்கட்டுவதுதான் இப்போது அவசரம்" என்றார். கையில் நரம்பு அகப்படாமல் தலையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். இரண்டு இரவு, இரண்டு பகல்.

சென்னையிலிருந்து அம்மா வந்து சேர்ந்தாள். அறுவை டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்: இரைப்பை, கீழ் வாய், தடித்த தசை. "இந்தத் தசையை நீளவாட்டில் கீறிப் பிரித்து விட்டுவிடுவோம். உள்தோலைத் தொடமாட்டோம். தையல்கூடத் தசைக்குப் போடுவதில்லை" என்றார்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்ப வந்த வைத்தியம், டாக்டர்?" என்று கேட்டாள்.

"பழசும்மா. நூறு வருஷம் ஆகப்போகிறது."

நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நோயை 1888இல் கோபன்ஹேகனில் ஹிர்ஷ்ஸ்ப்ருங் என்ற டாக்டர் தெளிவாக எழுதி வைத்தார். அப்போது அவரிடம் வைத்தியம் இல்லை. 1911இல் ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்தில் ராம்ஸ்டெட் என்பவர் ஒரு குழந்தையின் தசையைக் கீறிவிட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி குறுக்கே தைக்கப் பார்த்தார். நூல் தசையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. தைக்காமல் விட்டார். குழந்தை சில நாள் வாந்தியெடுத்துவிட்டுத் தேறிவிட்டது. தைக்காமல் விட்டதே வைத்தியம் என்று கண்டுகொண்டு 1912இல் எழுதினார். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் அதைத்தான் செய்கிறார்கள்.

அன்று வராந்தாவில் அம்மா என்னிடம் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை என்று தெரியும். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. 1976இல் பிறந்தவனாம். மூன்றாம் வாரம் வரை நன்றாக இருந்தானாம். "கக்கறான் கக்கறான்னுதான் எல்லாரும் சொன்னா. எனக்கு மட்டும் தெரியும், அது கக்கல் இல்லேன்னு. பத்தொம்பது வயசு எனக்கு. யார்கிட்டே போய்ச் சொல்றது? கடைசி வாரத்திலே நாளைக்கு ரெண்டு துணிகூட நனையலே. தோஷம் தட்டிடுத்துன்னுட்டா."

அந்த அண்ணனுக்கு இதுதானா என்று அறுவை டாக்டரைக் கேட்டேன். "முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். நியாயமான பதில். ஆனால் அம்மா அவரைக் கேட்கவில்லை. 1976லேயே அது அறுபது வருஷத்துக்கு மேல் பழசான வைத்தியம் என்று அவளே கணக்குப் போட்டுவிட்டாள் என்பது, அவள் விரல்கள் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை ஆப்பரேஷன். அரை மணி ஆயிற்று. சாயங்காலமே பாலைக் கறந்து ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு ஸ்பூன் உள்ளே போயிற்று. நாங்கள் நான்கு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். கால் மணி கழித்துச் சின்னதாக ஓர் ஏப்பம். கூடவே கடைவாயில் ஒரு துளி பால் எட்டிப் பார்த்தது. நான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். அவள் மலையாளத்துப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். குனிந்து பார்த்தாள். பஞ்சால் துடைத்தாள். "இது கக்கல் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கரூர்ச் சகோதரிக்கு டாக்டர்கள் எனக்குச் சொன்னதையும் எழுத வேண்டும். வழிகிறதா, பீச்சுகிறதா என்று பாருங்கள். வர வர அதிகமாகிறதா என்று பாருங்கள். வாந்தியில் பச்சை நிறமோ ரத்தமோ கண்டால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே போங்கள். பச்சை என்றால் குடல் அடைத்திருக்கலாம். காய்ச்சல், வீங்கிய வயிறு, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவையும் அப்படித்தான். எடையைத் தராசில் பாருங்கள், என்னைப்போல் வாயால் சொல்லாதீர்கள். நனைகிற துணிகளை எண்ணுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள் மாயவரத்துக்குத் திரும்பினோம். மழை நின்று பனி தொடங்கியிருந்தது. அம்மாவும் கூடவே வந்து பத்து நாள் தங்கினாள். ஒரு நாள் காலையில் நான் திண்ணையில் உட்கார்ந்து, பாக்கி விழுந்திருந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் ஆயா யாரிடமோ சத்தம் போடுவது கேட்டது.

"ஒரு நாளைக்குப் பதினெட்டுத் துணியா? ரெண்டு கைதானே இருக்கு எனக்கு? சோப்புக்கட்டி ஒரு வாரம் வரமாட்டேங்குது!"

எட்டிப் பார்த்தேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாளியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.